மூடியைக் கழற்றாமல் எடுத்த படம்

போன மார்கழியில், அமாவாசையை ஒட்டிய ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரே தொலைநோக்கியில் இரண்டு கேமராக்களை மாற்றி மாற்றிப் பொருத்தினோம். ஒன்று, ஊரில் கல்யாண ஆல்பம் எடுக்கும் எங்கள் முன்னாள் மாணவர் இரவல் தந்த டிஎஸ்எல்ஆர். மற்றொன்று, பக்கத்து நகரில் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் என் நண்பர் கொண்டுவந்த குளிர்விக்கப்பட்ட சிசிடி கேமரா. இரண்டும் பார்த்தது ஓரியன் நெபுலாவை. மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும் ஓரியனின் இடுப்புக்குக் கீழே, வாள்போலத் தொங்கும் பகுதியில் மங்கலாகத் தெரிகிற விண்முகில் அது. தூரம் ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு.

அந்த இரவுக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் அறிவியல் மன்றத்துக்கு ஒரு கேமரா வாங்கித் தருவதாக முன்னாள் மாணவர்கள் சொல்லியிருந்தார்கள். எதை வாங்குவது என்று நான்தான் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், குளிர்விக்கும் கேமராதான் வேண்டும் என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டிருந்தேன்.

டிஎஸ்எல்ஆரில் இரண்டிரண்டு நிமிடமாக 30 படங்கள். சிசிடியில், ஹைட்ரஜனின் சிவப்பை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி போட்டு, ஐந்தைந்து நிமிடமாக 12 படங்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், தொலைநோக்கியை எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பும் மோட்டார் தாங்கியும் நண்பருடையதே. படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்து அடுத்த வாரம் வகுப்பில் காட்டினேன். டிஎஸ்எல்ஆர் படம் இளஞ்சிவப்பு. அழகுதான், ஆனால் ஓரங்களில் மணல் தூவியதுபோல் இருந்தது. சிசிடி படம் கருப்பு வெள்ளை. ஓரத்து மெல்லிய இழைகள்கூட அதில் தெளிவு.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “டீச்சர், தொலைநோக்கியில நான் பார்த்தப்ப சாம்பல் நிறமா இருந்துச்சு. இது சிவப்பா இருக்கு. அது கருப்பு வெள்ளையா இருக்கு. எதுதான் உண்மை?”

“நாளைக்குச் சொல்கிறேன்” என்று சொல்லி வகுப்பை முடித்தேன். நம் எல்லோருக்கும் பழக்கமான பதில்தான்!

இரு கேமராக்களிலும் உணரி சிலிக்கானால் ஆனது. ஒளித்துகள் விழுந்தால் ஓர் எலக்ட்ரான் விடுபடும். ஒவ்வொரு படப்புள்ளியும் அவற்றைச் சேர்த்து வைக்கும் சிறு குழி. பன்னிரண்டாம் வகுப்பில் குறைகடத்தி நடத்துபவர்கள் அடுத்த வரியை ஊகித்திருப்பார்கள்: வெப்பமும் எலக்ட்ரான்களை விடுவிக்கும். எது ஒளியால் வந்தது, எது வெப்பத்தால் வந்தது என்று குழிக்குத் தெரியாது. மழையை அளக்க வைத்த பாத்திரத்தில் மேலே உள்ள மரக்கிளையின் சொட்டும் விழுவதைப் போன்றது இது. பகலில் எடுக்கும் படத்தில் ஒளி பெருமழை. சொட்டு கணக்கிலேயே வராது. நெபுலாவிலிருந்து வருவதோ தூறல்.

இந்த வெப்ப எலக்ட்ரான்களின் ஓட்டம், தோராயமாக ஒவ்வொரு 6 டிகிரி செல்சியஸுக்கும் இரட்டிப்பாகும். நம் ஊர் மார்கழி இரவிலும் தொடர்ந்து இயங்கும் டிஎஸ்எல்ஆரின் உட்புறம் 32 டிகிரி இருக்கலாம். நண்பரின் சிசிடி மைனஸ் 10இல் இருந்தது. வித்தியாசம் 42 டிகிரி, அதாவது ஏழு இரட்டிப்பு. இரண்டின் அடுக்கு ஏழு 128. ஒரே வகை உணரி என்று வைத்துக்கொண்டால், வெப்பச் சொட்டு 128இல் ஒரு பங்காகிவிடுகிறது. அடுக்குக்குறிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

குளிர்விப்பது பெல்டியர் தகடு. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடேறும்; சூட்டைச் சிறு விசிறி வெளியே தள்ளும். உணரி ஈரமில்லாத மூடிய அறைக்குள் இருப்பதால் அதன்மேல் பனி படியாது. “அப்ப நம்ம கேமராவை ஐஸ் பெட்டியில வெச்சா?” என்று ஒரு மாணவன் கேட்டான். வேண்டாம். காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படிந்து மின்சுற்று கெடும். அதுவும் இரவல் கேமரா.

இதை வகுப்பிலேயே பார்க்க முடியும். மதியம் ஒன்றரை மணிக்கு, லென்ஸ் மூடியைக் கழற்றாமல், கண் வைத்துப் பார்க்கும் துளையையும் கருப்புத் துணியால் அடைத்து, ஐஎஸ்ஓ 1600இல் ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு அதேபோல் இன்னொன்று. கேமராவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாம் பார்க்க விரும்புவதை அதுவே அழித்துவிடும். முழுக் கருப்பாக இருக்க வேண்டிய படங்களைப் பெரிதாக்கினால் சிவப்பு, நீலம், பச்சைப் புள்ளிகள். மதியப் படத்தில் புள்ளிகளை எண்ணத் தொடங்கியவர்கள் பாதியில் கைவிட்டார்கள். காலைப் படத்தில் எண்ணி முடித்தார்கள். “கேமராவுக்குக் காய்ச்சல்” என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பிரகாசமான புள்ளிகள் பல இரு படங்களிலும் ஒரே இடத்தில் இருந்தன. அதனால்தான் இந்த இருள் படத்தை நெபுலா படத்திலிருந்து கழிக்க முடிகிறது. ஆனால் முழுவதும் தீராது. ஒரு குழியில் சராசரியாக 100 வெப்ப எலக்ட்ரான் சேர்ந்தால், படத்துக்குப் படம் அது 10 அளவில் கூடும், குறையும். 100ஐக் கழிக்கலாம், அந்த 10ஐக் கழிக்க வழியில்லை. ஓரத்தில் தெரிந்த மணலில் ஒரு பங்கு அதுதான். மேலும் டிஎஸ்எல்ஆரின் வெப்பநிலை இரவு முழுக்க மாறிக்கொண்டே இருப்பதால், இருள் படத்தை அதே இரவில் எடுத்தாக வேண்டும். சிசிடியை ஒரே வெப்பநிலையில் நிறுத்த முடிவதால், ஒருமுறை எடுத்த இருள் படம் பல மாதம் உதவும்.

இனி நிறம். நெபுலாவின் சிவப்பு ஹைட்ரஜனுடையது: பாமர் வரிசையின் முதல் கோடு, 656.3 நானோமீட்டர். டிஎஸ்எல்ஆர் உணரியின் முன்னே அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. மனிதத் தோல் இயல்பாகத் தெரிவதற்காக அது சிவப்பிலேயே தடுக்கத் தொடங்கி, இந்த 656.3 ஒளியில் ஏறத்தாழ கால் பங்கை மட்டுமே விடுகிறது. போதாததற்கு, நான்கு படப்புள்ளிகளில் இரண்டு பச்சைக்கு, ஒன்று நீலத்துக்கு, ஒன்றுதான் சிவப்புக்கு. கருப்பு வெள்ளை சிசிடியில் நான்கும் அந்தச் சிவப்பை வாங்கும். நிறம் வேண்டுமென்றால் வடிகட்டிகளை மாற்றித் தனித்தனியே எடுத்துச் சேர்க்க வேண்டும்.

சிலர் டிஎஸ்எல்ஆரின் அந்த வடிகட்டியை எடுத்துவிடுகிறார்கள். கேனான் 60டிஏ, நிக்கான் டி810ஏ ஆகியவை இந்தச் சிவப்பு கூடுதலாகத் தெரியும்படி நிறுவனமே செய்து விற்றவை. கல்யாண ஆல்பம் எடுப்பவரின் கேமராவில் இதைச் செய்தால் மாப்பிள்ளை பெண் இருவரும் சிவந்துபோவார்கள்.

மாணவிக்கு மறுநாள் இப்படிச் சொன்னேன்: மங்கலான ஒளியில் நம் கண்ணின் நிறம் அறியும் செல்கள் வேலை செய்வதில்லை, அதனால் சாம்பல். டிஎஸ்எல்ஆர் கொஞ்சம் சிவப்பும், அதோடு நீலமும் பச்சையும் வாங்கியது, அதனால் இளஞ்சிவப்பு. சிசிடி ஹைட்ரஜன் சிவப்பை மட்டும் வாங்கி அதன் அளவை மட்டும் எழுதியது. அவள் கொஞ்சம் யோசித்து, “அப்ப மூணும் பொய் சொல்லல” என்றாள்.

சிசிடி வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. அந்த உணரிகளின் உற்பத்தியை நிறுத்தப்போவதாக சோனி 2015லேயே சொல்லிவிட்டது. இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் குளிர்விக்கப்பட்ட சிமாஸ் கேமராக்கள். தெருவிளக்கு நிறைந்த நகரப் பள்ளி என்றால், குறுகிய வடிகட்டியோடு அப்படி ஒன்றைச் சிபாரிசு செய்வேன். விளக்கு வெளிச்சத்தின் பெரும்பகுதியை வடிகட்டி தடுத்துவிடும். எங்கள் ஊரில் வானம் இன்னும் இருட்டு. குளிர்விக்கும் கேமராவுக்கு மடிக்கணினி, தனி மின்கலம், வடிகட்டிகள் எல்லாம் கூடவே வேண்டும். டிஎஸ்எல்ஆர் விளையாட்டு விழாவுக்கும் ஆகும். எனவே பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும், மீதிப் பணத்தில் மோட்டார் தாங்கியும் கேட்டேன். தாங்கி இல்லாமல் எந்த விலைக் கேமராவும் நட்சத்திரங்களைக் கோடாகத்தான் இழுக்கும்.

முயற்சி செய்பவர்கள் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழித் திருவாதிரை அன்று முழுநிலா, ஓரியனின் தோளில் உள்ள அந்தத் திருவாதிரை நட்சத்திரத்துக்கு அருகிலேயே நிற்கும், நெபுலா தேறாது. லென்ஸில் பனி படிவதையும் அரைமணிக்கு ஒருமுறை பாருங்கள். எங்கள் முதல் இரவு முழுதும் அப்படித்தான் வீணானது.

இந்த மார்கழியில் ரோசெட் நெபுலாவை எடுக்கப் போகிறோம். அதன் ஒளியில் பெரும்பங்கு ஹைட்ரஜன் சிவப்புதான். ஓரியனைவிட மிக மங்கல். வடிகட்டி எடுக்காத எங்கள் கேமராவில் எத்தனை மணி நேரத்தில் தெரியும் என்று வகுப்பில் பந்தயம் நடக்கிறது. நான் மூன்று மணி என்று சொல்லியிருக்கிறேன். அந்த மாணவி இரண்டு என்கிறாள்.