தொட்டில் பாசம் முதுமையிலும் துணை!

வீட்டுக்குக் கடைக்கால் எப்படியோ, மனிதனுக்குக் குழந்தைப் பருவம் அப்படி. சின்ன வயதில் கிடைத்த அன்பு, தலை நரைத்த பிறகும் அவனைத் தாங்குகிறது. இது வெறும் பேச்சு அல்ல. பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்ட உண்மை.

268 மாணவர்கள்

அமெரிக்காவில் உள்ள ஹார்வார்டு பல்கலைக் கழகத்தில், 1938-ம் ஆண்டு ஒரு ஆராய்ச்சி தொடங்கியது. 268 மாணவர்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பிற்காலத்தில் ஜனாதிபதியான கென்னடியும் அவர்களில் ஒருவர்!

பாஸ்டன் நகரத்து ஏழைச் சிறுவர்கள் 456 பேரைப் பற்றியும் இதேபோல் ஒரு ஆராய்ச்சி நடந்தது. அவர்களில் பலருடைய வீட்டில் வெந்நீர்க் குழாய் கூடக் கிடையாது. பிறகு இரண்டு ஆராய்ச்சிகளும் ஒன்றாகச் சேர்ந்தன.

மாணவர்கள் கிழவர்கள் ஆனார்கள். ஆராய்ச்சியாளர்கள் விடவில்லை. கேள்வித்தாள் அனுப்பினார்கள். வீடு தேடிப் போய்ப் பேசினார்கள். உடல்நிலையையும் கவனித்தார்கள்.

கண்டது என்ன?

அவர்களில் 81 பேரைப் பற்றிய முடிவு 2016-ம் ஆண்டு வெளியானது. அன்பான வீட்டில் வளர்ந்தவர்கள், நடுவயதில் கோபத்தையும் துக்கத்தையும் பக்குவமாகச் சமாளித்தார்கள். தள்ளாத வயதிலும் மனைவியோடு மனம் ஒட்டி வாழ்ந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் கிடைத்த பாசம், அப்போதும் பலன் தந்தது!

வேலையும் நல்லதே

ஏழைச் சிறுவர்களிடம் இன்னொன்றும் தெரிந்தது. வீட்டு வேலை செய்து, பள்ளியிலும் முயற்சியோடு படித்த சிறுவர்கள், 47 வயதில் மற்றவர்களைவிட நன்றாக வாழ்ந்தார்கள். பிள்ளைக்குச் செல்லம் மட்டும் போதாது. சின்னச் சின்னப் பொறுப்பும் வேண்டும்.

அன்பு கிடைக்காதவர்கள்?

அடியும் திட்டும் வாங்கி வளர்ந்தவர்களின் கதி என்ன? அவர்கள் மனம் தளர வேண்டாம். கசப்பான இளமையைக் கண்ட சிலர், நல்ல மனைவியும் நல்ல நண்பர்களும் அமைந்ததால், முதுமையில் மகிழ்ச்சியாக இருந்தார்கள். காயம் ஆறுவதற்கு வயது தடை இல்லை.

இந்த ஆராய்ச்சியில் ஒரு குறை உண்டு. ஆரம்பத்தில் பெண்கள் சேர்க்கப்படவில்லை. பின்னாளில்தான் அந்த ஆண்களின் மனைவியரும் மக்களும் சேர்க்கப்பட்டார்கள்.

பெற்றோர் கவனிக்க

பிள்ளைகளுக்காகச் சொத்து சேர்க்கப் பெற்றோர் ஓடி ஓடி உழைக்கிறார்கள். அது தேவைதான். ஆனால், பள்ளிவிட்டு வரும் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்றைக்கு என்ன நடந்தது, கண்ணு?" என்று கேட்பதற்குக் காசு வேண்டாம். அந்தக் குழந்தைக்கு எண்பது வயது ஆகும்போது, கேட்டவர்கள் இருக்க மாட்டார்கள். அவர்கள் கொடுத்த தெம்பு இருக்கும்.