மலிவாக விற்றாலும் வழக்கு வருமா? இறால் ஏற்றுமதி கற்றுத்தரும் பாடம்

சந்தைக்குச் சந்தை விலை மாறுவது வணிகத்தில் இயல்பு. அடக்கவிலை குறைவாக உள்ளவர் குறைத்து விற்பார். அதில் குற்றம் எதுவும் இல்லை என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் சரக்கு நாட்டின் எல்லையைக் கடந்துவிட்டால் இதே செயல் வழக்காக மாறக்கூடும். பரங்கிப்பேட்டை, கிள்ளை வட்டாரத்து இறால் பண்ணைகளோடு கொடுக்கல் வாங்கல் உள்ள வணிகர்கள் இதன் விளைவை அனுபவத்தில் அறிவார்கள். காரணத்தை எல்லோரும் அறிந்துகொள்வது நல்லது.

'டம்பிங்' என்பது என்ன?

கடலூரில் ஒரு மொத்த வியாபாரி ஒரு சரக்கைத் தம் கடையில் 100 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே சரக்கைச் சிதம்பரத்தில் 95 ரூபாய்க்கு விற்கிறார். அதில் லாரி வாடகை 5 ரூபாய் போக அவருக்கு நிற்பது 90 ரூபாய். உள்ளூர் விலைக்கும் வெளியூர் விலைக்கும் வித்தியாசம் 10 ரூபாய். 10-ஐ 90-ஆல் வகுத்தால் சுமார் 11 சதவீதம். சிதம்பரம் வேறு நாடாக இருந்தால் இந்த 11 சதவீதம்தான் 'டம்பிங்' அளவு.

இன்னொருவர் கடலூரிலும் 80 ரூபாய், சிதம்பரத்திலும் வாடகை போக 80 ரூபாய் என்று விற்றால் அது டம்பிங் ஆகாது. இரண்டாமவர் விலைதான் மிகக் குறைவு. ஆனாலும் சட்டத்தில் சிக்குபவர் முதலாமவரே. ஆகவே மலிவு என்பது மட்டும் குற்றமல்ல. சொந்த நாட்டு விலையைவிடக் குறைத்து வெளிநாட்டில் விற்பதும், அதனால் அந்நாட்டு உற்பத்தியாளர்களுக்கு நஷ்டம் ஏற்படுவதும் சேர்ந்தால்தான் வரி விதிக்கலாம் என்பது உலக வர்த்தக நிறுவன ஒப்பந்தம். வித்தியாசம் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வழக்கை மூடிவிட வேண்டும். விதித்த வரியை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்து, தேவை தொடர்வதாகக் கண்டால் மட்டுமே நீட்டிக்கலாம்.

இறால் வழக்கு

அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாப் பகுதியில் படகில் சென்று இறால் பிடிப்பவர்களுக்கு டீசலும் ஆள்கூலியும் பெரிய செலவு. ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் குளத்தில் வளர்த்த இறால் அங்கு குவிந்தபோது அவர்களுக்குக் கிடைத்த விலை சரிந்தது. 2003 டிசம்பர் 31-ல் அவர்கள் கூட்டாக மனு கொடுத்தார்கள். இந்தியா, தாய்லாந்து, சீனா, வியட்நாம், ஈக்வடார், பிரேசில் ஆகிய 6 நாடுகள் மீது வழக்கு வந்தது.

மனுதாரர்களுக்கு வேறொரு தூண்டுதலும் இருந்தது. 2000-ஆம் ஆண்டின் பேர்ட் திருத்தச் சட்டப்படி, வசூலான டம்பிங் வரி மனுவை ஆதரித்த உற்பத்தியாளர்களுக்கே பங்கிட்டுத் தரப்பட்டது. இந்தியா உள்ளிட்ட பல நாடுகள் எதிர்த்து வழக்காடி, 2003-ல் உலக வர்த்தக நிறுவனம் அது செல்லாது என்றது. 2006-ல் அமெரிக்கா அச்சட்டத்தை நீக்கியது.

இறால் வழக்கில் 2005 பிப்ரவரி 1-ல் வரி ஆணை வெளியானது. தனியே விசாரிக்கப்பட்ட 3 இந்திய நிறுவனங்களுக்கு 4.94 முதல் 15.36 சதவீதம் வரை. மற்ற எல்லா இந்திய ஏற்றுமதியாளர்களுக்கும் 10.17 சதவீதம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்து 5 வாரங்கள்தான் ஆகியிருந்தன. சுனாமியைக் கருதி இந்தியா, தாய்லாந்து இரண்டின் மீதான வரி தேவையா என்று அமெரிக்கா மறுஆய்வு செய்தது. 2005 நவம்பரில் வரி தொடரும் என்று முடிவாயிற்று.

வரியை அமெரிக்க இறக்குமதியாளர்தான் கட்டுகிறார். நமக்கென்ன என்று கேட்கலாம். அவர் அதை ஏற்றுமதியாளர் விலையில் கழிக்கப் பார்ப்பார். ஏற்றுமதியாளர் ஒரு கவுண்டுக்கு இவ்வளவு என்று குளத்தங்கரையில் தரும் விலையில் கழிக்கப் பார்ப்பார். கடைசியில் பண்ணைக்காரர் கையில் வரும் பணம் சுருங்கினால் தீவனக் கடை, டீசல் பங்க், ஐஸ் பேக்டரி, மளிகைக் கடை ஆகிய எல்லா இடத்திலும் பாக்கி நிற்கும்.

மலிவு நாடுகளே மாட்டுவது ஏன்?

முதலாவது, பெரிய அளவில் மலிவாக அனுப்புபவர் மீதுதான் உள்ளூர்க்காரர் புகார் கொடுப்பார். ஒரு நாட்டின் சரக்கு மொத்த இறக்குமதியில் 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது, உள்நாட்டு விலையை ஒப்பிட வேண்டும். ஏற்றுமதிக்கென்றே வளர்க்கும் இறாலுக்கு நம் நாட்டில் விற்பனை சொற்பம். அப்போது மூன்றாம் நாட்டு விற்பனை விலையையோ, அடக்கவிலையோடு லாபம் சேர்த்துக் கணக்கிட்ட விலையையோ எடுத்துக்கொள்வார்கள். மிகக் குறைந்த லாபத்தில் விற்பவர் இந்தக் கணக்கில் எளிதில் மாட்டிக்கொள்வார்.

மூன்றாவது, கணக்கிடும் முறை. ஒரு விற்பனையில் உள்நாட்டு விலை 100, ஏற்றுமதி விலை 90. இன்னொன்றில் உள்நாட்டு விலை 100, ஏற்றுமதி விலை 110. கூட்டிக் கழித்தால் வித்தியாசம் இல்லை. ஆனால் கூடுதலாக விற்ற 10-ஐப் பூஜ்யமாக்கி, குறைத்து விற்ற 10-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் 200-க்கு 10, அதாவது 5 சதவீத டம்பிங் வந்துவிடும். இதைப் 'பூஜ்யமாக்கல்' என்பர். ஈக்வடார் இதை எதிர்த்து உலக வர்த்தக நிறுவனத்தில் வென்று, 2007-ல் வரியிலிருந்து விடுபட்டது. இறால் இறக்குமதிக்கு மட்டும் அமெரிக்கா கேட்ட கூடுதல் பிணைப் பத்திரத்தை எதிர்த்து 2008-ல் இந்தியாவும் வென்றது.

நான்காவது, கணக்குப் புத்தகம். கேட்ட விவரத்தைக் கொடுக்காதவருக்குப் பாதகமான விகிதத்தையே போடுவார்கள். ஒத்துழைக்காத சீன நிறுவனங்களுக்கு நூறு சதவீதத்துக்கும் மேல் வரி வந்தது. மாறாக, ஆண்டுதோறும் நடந்த பரிசீலனைகளில் டம்பிங் இல்லை என்று தொடர்ந்து காட்டிய ஆந்திர நிறுவனம் ஒன்று பின்னர் அந்த ஆணையிலிருந்தே விலக்குப் பெற்றது.

நம் நாடும் இதே வரியைப் போடுகிறது

சுங்கத் தீர்வைச் சட்டம் 1975, 9ஏ பிரிவின்படி இந்தியாவும் டம்பிங் வரி விதிக்கிறது. இதை அதிகம் பயன்படுத்தும் நாடுகளின் வரிசையில் இந்தியா முன்னணியில் உள்ளது. 2000-களின் தொடக்கத்தில் சீன சி.எஃப்.எல். விளக்குகள் மீது விதித்ததை மின்சாமான் விற்ற கடைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே நம் பண்ணைக்காரருக்குக் கசந்தது இங்கே நம் உற்பத்தியாளருக்குப் பாதுகாப்பாகிறது. வாங்கி விற்பவருக்கு விலை ஏறுகிறது.

டம்பிங் வரி வேறு, மானியத்துக்கு எதிரான வரி வேறு என்பதையும் பிரித்தறிய வேண்டும். அரசு உதவி பெற்று மலிவாக்கினார்கள் என்று கூறி 2024 டிசம்பரில் இந்திய இறால் மீது அமெரிக்கா தனி வரி விதித்தது. தனியே விசாரிக்கப்படாத ஏற்றுமதியாளர்களுக்கு அது 5.77 சதவீதம். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு 50 சதவீதமாக உயர்த்திய வரி இவை இரண்டிலும் சேராது. அது அரசியல் முடிவு.

உறுப்பினர்கள் கவனத்திற்கு

ஏற்றுமதியாளருக்குச் சரக்கோ, ஐஸோ, தீவனமோ தருபவர்கள் ஒவ்வொரு கொள்முதலுக்கும் விற்பனைக்கும் பில் வைத்திருங்கள். வாடகை, கூலி, கழிவு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுங்கள். அடக்கவிலையை நிரூபிக்க ஏற்றுமதியாளர் உங்கள் பில்லைத் தேடி வரக்கூடும். பண்ணைகளுக்குக் கடன் தருபவர்கள், அந்தச் சரக்கு ஒரே நாட்டை நம்பி இருக்கிறதா என்று விசாரித்து அளவோடு தாருங்கள். வரி ஆணையும் மறுஆய்வும் வரும் காலங்களில் விலை ஆடும். அந்த நேரத்தில் பாக்கியை வளரவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.