புகையிலையை விட்ட மூன்றாம் நாள்

லோடு இறக்கும் அதிகாலை முதல் இரவு கணக்கு முடியும் வரை கடையிலேயே இருக்கும் நமக்கு, பீடி சிகரெட்டோ புகையிலையோ துணையாக ஒட்டிக்கொண்டு விடுகிறது. விட வேண்டும் என்று பலரும் தொடங்குகிறோம். மூன்றாம் நாள் மறுபடி தொட்டு விடுகிறோம்.

காரணம் இதுதான். நிகோடின் மூளையைத் தூண்டும் பொருள். வரத்து நின்றதும் எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, அதிகப் பசி, கணக்கில் மனம் நிற்காமை எல்லாம் வரும். 2, 3 நாட்களில் உச்சத்துக்குப் போய், 3, 4 வாரங்களில் பெரும்பாலும் தணியும். ஆகவே தீபாவளி வியாபார நேரத்தில் தொடங்காதீர்கள். கடை ஆட்களிடமும் முன்பே சொல்லி வையுங்கள். நாம் எரிந்து விழுந்தால் முதலில் அகப்படுவது அவர்கள்தானே!

ஆசை எழுந்தால் சில நிமிடங்களில் அடங்கும். அதுவரை தண்ணீர் குடிக்கலாம், நம் கடைக் கிராம்பு, சோம்பு மெல்லலாம். பாக்குக்கு மட்டும் மாறக் கூடாது. அதுவும் புற்றுநோய் தருவது.

பலருக்குத் தெரியாத ஒன்று: புகை பிடிப்பவர் உடம்பு டீ, காப்பியிலுள்ள கஃபீனை வேகமாகக் கழித்துவிடும். புகையை நிறுத்தினால் அதே டீ கூடுதலாக வேலை செய்து படபடப்பை ஏற்றும். டீயைப் பாதியாக்குங்கள்.

சிகரெட் விற்கும் கடைக்காரர்கள் அந்தத் தட்டைக் கல்லாப் பக்கமிருந்து அகற்றிவிடலாம். நிகோடின் சூயிங்கம் வேண்டுவோர் மருத்துவரைக் கேட்கலாம். மத்திய அரசின் இலவச ஆலோசனைத் தொலைபேசி: 1800-112-356.