பாலோவில் இருந்தபடியே ஜப்பானிய மொழி

குளுவாங்கிலிருந்து வடக்கே ரயிலேறினால் லாபிஸுக்கு முன்பாக வருவது பாலோ. ஒரு கடைத்தெரு, அதைச் சுற்றிச் செம்பனையும் ரப்பரும். இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைக்குப் படிவம் மூன்று முடிவதற்குள் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழி எழுதப் படிக்க வந்துவிடுகிறது. சீனர் கடைகளில் காதில் விழும் மாண்டரின் வேறு. அதற்கு மேல் ஜப்பானிய மொழியும் படிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை கேட்டால் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "அதுக்கெல்லாம் பெரிய டவுனுக்குப் போகணும்."

போக வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆசையில் தவறே இல்லை. 1982இல் மகாதீர் அறிவித்த கிழக்கு நோக்கும் கொள்கை, மலேசிய மாணவர்களையும் பயிற்சியாளர்களையும் ஜப்பானுக்கு அனுப்பத் தொடங்கியது. 1984 முதல் சில உறைவிடப் பள்ளிகளில் ஜப்பானிய மொழி பாடமாகவும் ஆனது. உறைவிடப் பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு இன்று கையில் இருப்பது கைப்பேசி. இல்லிருப்புக் கற்றல் நடந்த 2020, 2021 ஆண்டுகளில் அதிலேயே பாடம் படித்துப் பழகிய தலைமுறை இது. ஆனால் அப்போது ஆசிரியர் அனுப்பியதைத் திறந்தால் போதும். தனியாக ஒரு மொழி படிக்கும்போது எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். பத்துச் செயலிகளை இறக்கி வைத்து, எல்லாவற்றிலும் முதல் பாடத்தோடு நின்றுபோகிறவர்கள் நிறைய. செயலி எண்ணிக்கை கூடுவதால் மட்டும் படிப்பு கூடிவிடாது.

முதலில் எழுத்து. ஹிரகானாவில் அடிப்படை எழுத்து 46. இரண்டு வாரம் உட்கார்ந்தால் வந்துவிடும். ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். 'க' என்று எழுதிவிட்டு, வல்லோசையா மெல்லோசையா என்று அடுத்த வாரம் தேட வேண்டியிருக்கும். எழுத்து உதவாத அந்த இடத்தில் தமிழ்க் காது நன்றாகவே உதவுகிறது. ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. கிதே என்றால் வா, கித்தே என்றால் அஞ்சல்தலை. குறில் நெடிலும் இரட்டிப்பும் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

அடுத்தது, கேட்பதற்கு ஒரே ஒரு தொடர். ஜப்பானின் என்எச்கே வானொலி 'ஈஸி ஜாப்பனீஸ்' என்ற பெயரில் 48 பாடங்களை இலவசமாகத் தருகிறது. ஒரு பாடம் பத்து நிமிடம்தான். அதற்குத் தமிழ் விளக்கம் கிடையாது, இந்தோனேசிய விளக்கம் உண்டு. நம் பிள்ளைகள் கவனிக்காமல் விடும் வாசல் இது. ஆங்கிலம் தகராறு செய்கிற பிள்ளைக்கும் மலாய் சரளமாக ஓடுகிறதே! பெஜாபாட் என்று நாம் சொல்வதை அவர்கள் கந்தோர் என்பார்கள். இப்படிச் சில சொல் மாறும், மற்றதெல்லாம் புரியும். ஜப்பான் அறக்கட்டளையின் 'இரோதோரி' பாடநூலும் ஒலிப்பதிவோடு இந்தோனேசிய மொழியில் இலவசமாகக் கிடைக்கிறது. படிப்படியான பயிற்சியும் தேர்வும் வேண்டுமானால் அதே அறக்கட்டளையின் 'மினாதோ' தளத்தில் பெயர் பதியலாம்.

இவ்வளவும் பிறர் சமைத்துத் தருவது. பிள்ளை தானே செய்துகொள்ள வேண்டியது நினைவு அட்டை. அதற்கு 'அங்கி' என்ற செயலி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் காசில்லை, இணையத் தொடர்பு இல்லாமலும் ஓடும். மறக்கப்போகிற நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டுவதுதான் அதன் வேலை. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் 1885இலேயே அளந்து எழுதினார். அந்த ஆய்வின் வழி வந்தது இது. பிறர் செய்த ஆயிரம் அட்டைகளை இறக்கிக்கொள்வதைவிட, அன்றைக்குக் கேட்ட பாடத்திலிருந்து ஐந்து அட்டை சொந்தமாகச் செய்வது மேல் என்பது என் உறுதியான கருத்து. முன்பக்கம் ஹிரகானாவில் ஒரு முழு வாக்கியம், கூடவே ஒலி. பின்பக்கம் தமிழ்.

ஏன் தமிழ்? 'தபெதே மிரு' என்ற தொடரைப் பாருங்கள். தபெதே என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார்த்தல். சாப்பிட்டுப் பார்! 'கத்தே ஒகு' என்றால் வாங்கி வை. ஒகு என்பது வைத்தல். ஆங்கில நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குகிற இந்த இலக்கணத்தைத் தமிழ்ப் பிள்ளை காப்பிக் கடையில் தினமும் பேசிக்கொண்டிருக்கிறது. வினை கடைசியில் வருவதும், 'க்கு', 'இல்' போன்றவை பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் அப்படியே. கொனோ, சொனோ, அனோ என்ற மூன்றில் நடுவிலிருப்பதற்கு யாழ்ப்பாணத்து 'உந்த' கச்சிதமாகப் பொருந்தும். மலாயா ரயில்வேயில் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் குடும்பங்களில் கேட்டால் தெரியும். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிக்கும் உறவே உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். படிக்கிறவருக்கு இந்த ஒற்றுமை போதும்.

வீட்டில் ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பங்குபோடும் நிலை இருந்தால், பாடங்களை இலவச இணையம் உள்ள இடத்தில் இறக்கிக்கொள்ளலாம். நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாடி என்ற சமூக இணைய மையங்கள் இதற்கு உதவும்.

பேச்சுதான் உண்மையான இடைஞ்சல். ஜேஎல்பிடி என்ற மொழித்திறன் தேர்வு என்5இல் தொடங்கி என்1 வரை ஐந்து நிலை கொண்டது. அதில் கேட்டல் உண்டு, வாசிப்பு உண்டு, பேச்சுத் தேர்வு மட்டும் இல்லை. சான்றிதழை வாங்கிவிட்டு வாய் திறக்க முடியாமல் நிற்க நேரிடும். முகம் தெரியாதவர்களோடு பேச வைக்கும் செயலிகளில் பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தனியாக விடுவது எனக்குச் சம்மதமில்லை. அதைவிட நல்ல வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. ஜப்பானில் படித்துத் திரும்பியவர்களுக்கு ஜாகாம் என்ற பட்டதாரிகள் சங்கமும், கிழக்கு நோக்கும் கொள்கையில் போய்வந்தவர்களுக்கு அலெப்ஸ் என்ற சங்கமும் உண்டு. மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்து, ஒரு பெற்றோரோ ஆசிரியரோ முன்னின்று, வாரம் அரை மணி நேரம் புலனத்தில் பேசிப் பழக ஒருவரைத் தரும்படி இந்தச் சங்கங்களுக்கு எழுதிக் கேட்கலாம். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. டிசம்பரில் என்5 எழுத நினைக்கும் பிள்ளை, ஆண்டின் தொடக்கத்திலேயே அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுவது நல்லது.