சாயாத வண்டிக்கு முன்சக்கரம் எங்கே நிற்க வேண்டும்?

புல்லட்டுக்கு சைட்கார் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் பேசுவது தொட்டியைப் பற்றித்தான். மெத்தைக்கு என்ன நிறம், முன்னால் கண்ணாடி வேண்டுமா, நாய்க்குட்டி உட்கார இடம் இருக்குமா! பூட்டி முடித்து முதல் திருப்பத்துக்கு வந்ததும் தோள்பட்டை வலிக்கிறது. பழி தொட்டியின் எடைமேல் விழுகிறது. எடைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் பெரிய பங்கு, யாரும் கை வைக்காமல் விட்ட முன்சக்கரத்துடையது.

தனி பைக் சாய்ந்து திரும்புகிறது. ஓட்டுகிறவர் வண்டியைக் கொஞ்சம் சாய்த்தாலே போதும், ஹேண்டில்பாருக்கு அதிக வேலையில்லை. சைட்கார் சேர்ந்ததும் வண்டி சாய முடியாது. ஒவ்வொரு திருப்பத்தையும் கையால்தான் திருப்ப வேண்டும். ஹேண்டில்பார் சுழலும் அச்சை ஒரு கோடாக நினைத்துத் தரைவரை நீட்டிப் பாருங்கள். டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது விழும். இந்த இடைவெளிக்குப் பெயர் டிரெயில். சாதாரண பைக்குகளில் 90 முதல் 110 மி.மீ. வரை இருக்கும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரம் போல, டயர் அச்சுக்குப் பின்னால் இழுபட்டுத் தானாக நேராகிவிடும். நெடுஞ்சாலையில் தனி பைக்குக்கு இது வரம். சைட்கார் வண்டியிலோ, நாம் திருப்பத் திருப்ப அது நேராக்கப் பார்க்கும். வளைவில் டயர்மேல் விழும் பக்கவாட்டு விசையை டிரெயிலால் பெருக்கினால் வருவதுதான் கைக்குத் தெரியும் எதிர்ப்பில் பெரும்பகுதி. டிரெயிலைப் பாதியாக்கினால் அதுவும் ஏறத்தாழப் பாதியாகும்.

ஒரு கணக்கு போடலாம். ஸ்டீயரிங் அச்சு செங்குத்திலிருந்து 27 டிகிரி சாய்ந்திருக்கிறது, சக்கரத்தின் ஆரம் 320 மி.மீ., அச்சுக்கோட்டிலிருந்து சக்கரத்தின் மையம் 60 மி.மீ. முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். டிரெயில் சுமார் 96 மி.மீ. வரும். சக்கரத்தை இன்னும் 40 மி.மீ. முன்னால் தள்ளினால் அது 51 ஆகிவிடும். நான்கு சென்டிமீட்டரில் வண்டியின் குணமே மாறிவிடுகிறது.

தள்ளுவது எப்படி என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். சாப்பர் பைக்குகளைப் பார்த்துவிட்டு, சட்டத்தில் ஸ்டீயரிங் அச்சு பொருந்தும் கழுத்தை வெட்டிச் சாய்த்து வெல்டிங் வைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் டிரெயில் குறையாது, கூடும். கழுத்து இருந்தபடியே இருக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் மேல், கீழ் கிளாம்புகளை மாற்றி, ஃபோர்க்கை முன்னால் நகர்த்த வேண்டும், அல்லது அதை மட்டும் சில டிகிரி முன்னால் சாய்க்க வேண்டும். கழுத்தைச் சாய்ப்பதும் ஃபோர்க்கை மட்டும் சாய்ப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். பலன் நேர் எதிர்.

இதைவிட நல்ல வழி ஒன்று 1950களிலேயே வந்துவிட்டது. இங்கிலாந்துக்காரர் எர்னி ஏர்ல்ஸ் வடிவமைத்த ஃபோர்க் அது. சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கீல், அங்கிருந்து முன்னோக்கி நீளும் கரத்தில் சக்கரம். 1955இலிருந்து 1969 வரை பிஎம்டபிள்யூ தன் ஆர்50, ஆர்60, ஆர்69 வரிசை வண்டிகளில் இதைத்தான் பொருத்தியது. கீல் மாட்ட இரண்டு இடங்கள் விட்டிருந்தார்கள். தனியாக ஓட்ட ஒன்று. சைட்காருக்கு, டிரெயிலைக் குறைக்கும்படி முன்னால் இன்னொன்று. வாங்குகிறவர் நாளைக்கு மனம் மாறலாம் என்று தொழிற்சாலையிலேயே யோசித்திருக்கிறார்கள். டிரெயில் குறைந்த வண்டியில் சைட்காரைக் கழற்றிவிட்டு வேகமாகப் போனால் முன்சக்கரம் நிலைகொள்ளாது என்பதால் இது வெறும் வசதி மட்டுமல்ல.

இந்த அமைப்புக்கு இன்னொரு பலமும் உண்டு. தனி பைக் சாயும்போது விசை ஃபோர்க்கின் நீளவாக்கில் இறங்குகிறது. சாயாத வண்டியிலோ அது குறுக்கே மோதி, மெலிந்த டெலஸ்கோப்பிக் குழாய்களை வளைக்கப் பார்க்கிறது. ஏர்ல்ஸ் ஃபோர்க் அதற்கு அசைந்து கொடுப்பதில்லை. பலமாகப் பிரேக் பிடித்தாலும் முன்பக்கம் குத்திட்டு இறங்காது. சைட்காரோடே விற்பனைக்கு வரும் இன்றைய யூரல் வண்டிகளிலும் முன்னோக்கிய கர ஃபோர்க் இருப்பது வெறும் பழைய பாசத்தால் அல்ல.

ஆனால் டிரெயிலை அடியோடு இல்லாமல் செய்துவிடக் கூடாது. கொஞ்சமாவது இருந்தால்தான் திருப்பம் முடிந்ததும் ஹேண்டில்பார் நேராகும். அளவோடு குறைத்த வண்டியிலும், மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் இடமும் வலமும் உதறலாம். ஸ்டீயரிங் அச்சைத் தாங்கும் கோன் செட் தளர்ந்திருந்தால் அது இன்னும் மோசமாகும். முதலில் அதைச் சரிபார்த்துவிட்டு, பிறகு உதறலை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பர் ஒன்றைப் போடுங்கள்.

கனமும் இழுப்பும் வேறு வேறு. திருப்பக் கனமாக இருந்தால் டிரெயிலைப் பாருங்கள். நேர்ச்சாலையிலேயே வண்டி ஒரு பக்கம் இழுத்தால் கிளாம்பு மாற்றிப் பயனில்லை. சைட்கார் சக்கரம் முன்பக்கமாக எத்தனை மி.மீ. உள்நோக்கி நிற்கிறது, பைக் எவ்வளவு வெளியே சாய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். இரண்டு நேரான சட்டங்களை டயர்களோடு ஒட்டி வைத்து உள்நோக்கைத் தரையிலேயே அளந்துவிடலாம். பெரும்பாலும் 10 முதல் 20 மி.மீ. உள்நோக்கும், ஒன்றிரண்டு டிகிரி வெளிச்சாய்வும் சரியாக இருக்கும். கிளாம்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். செலவு ஒரு மதிய நேரம்தான்.