கடைசி ஓவரின் கணக்கு

2021ஆம் ஆண்டு மார்ச் 28. புனே நகரில் இந்தியாவும் இங்கிலாந்தும் மோதிய மூன்றாவது ஒரு நாள் போட்டி. முதல் இரண்டு போட்டிகளில் ஆளுக்கு ஒன்றாக வென்றிருந்தபடியால், தொடர் யாருக்கு என்பது இந்த ஆட்டத்தில்தான் முடிவாக வேண்டும். இந்தியா எடுத்தது 329 ஓட்டங்கள். இங்கிலாந்து 49 ஓவர்கள் ஆடி, 8 விக்கெட்டுகளை இழந்து 316 எடுத்திருந்தது. மிச்சம் ஆறே பந்துகள். தேவை 14 ஓட்டங்கள். களத்தில் நின்றவரோ அன்று பின்வரிசையில் வந்து எல்லோரையும் விளாசிக்கொண்டிருந்த சாம் கரன்.

பந்து சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த இடக்கைப் பந்து வீச்சாளர் நடராஜனின் கைக்கு வந்தது. அவருக்கு அது இரண்டாவது ஒரு நாள் சர்வதேசப் போட்டிதான். முதல் பந்தில் இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடிய மார்க் வுட் ரன் அவுட் ஆனார். ஓவர் முடிந்தபோது இங்கிலாந்துக்குக் கிடைத்தவை மொத்தம் 6 ஓட்டங்கள். இந்தியா 7 ஓட்டங்களில் வென்றது. கரன் 95 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார்.

மாணவ நண்பர்களே, அந்த ஆறு பந்துகளை வீசிய கையில் என்ன இருந்தது? தைரியம் என்பீர்கள். இருக்கட்டும். இயற்பியல் ஆசிரியனுக்குத் தைரியத்தை அளக்கும் கருவி கிடையாது. அளக்கக் கூடியதை மட்டும் அளந்து பார்ப்போம்.

அமெரிக்காவில் ஆடப்படும் பேஸ்பால் ஆட்டத்தில் இத்தகைய வேலைக்கென்றே தனி ஆள் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கும் வீச்சாளர் களைத்ததும், அவருக்குப் பதிலாக மாற்று வீச்சாளர்கள் வருவார்கள். அவர்களிலும் கடைசியாக வந்து, கையிலிருக்கும் வெற்றி நழுவாமல் காப்பவருக்கு ‘முடித்து வைப்பவர்’ என்று பொருள்படும் பட்டமே இருக்கிறது. பனாமா நாட்டு மீன்பிடிக் கிராமம் ஒன்றில் வளர்ந்த மரியானோ ரிவேரா என்பவர் 1995 முதல் 2013 வரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆடி, அவற்றில் பெரும்பாலான ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தார். அப்படி அவர் காத்துக் கொடுத்த ஆட்டங்கள் 652. இதுவே இன்றளவும் உச்ச எண்ணிக்கை. அவர் விதவிதமாக வீசியவர் அல்லர். கடைசி நொடியில் சற்றே விலகிப் போகும் ஒரே வகைப் பந்தைத்தான் பெரும்பாலும் வீசினார். என்ன வரப்போகிறது என்பது எதிரே நின்றவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் அடிக்க முடியவில்லை.

நம்முடைய நடராஜனுக்கும் அப்படி ஒரு பந்து உண்டு. அதுதான் யார்க்கர். தரையில் குத்தி எழும்பாமல், மட்டையாளரின் காலடியில், அவர் மட்டை ஊன்றும் கோட்டின் மேலேயே வந்து விழும் பந்து.

அதை ஏன் அடிக்க முடிவதில்லை? மட்டையில் பந்தை வேகமாகத் திருப்பி அனுப்பும் இடம், கீழ்முனையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. யார்க்கர் அங்கே படுவதில்லை, கீழ்முனையில் படுகிறது. அங்கே பட்டால் ஆற்றலின் பெரும்பகுதி மட்டையை அதிரச் செய்வதிலும் கையில் திருகச் செய்வதிலும் வீணாகிவிடும். மேலும், பந்தைத் தூக்கி அடிக்க மட்டை பந்துக்கு அடியில் போக வேண்டும். இங்கே பந்துக்கு அடியில் தரைதான் இருக்கிறது!

ஆனால் அரை மீட்டர் முன்னால் குத்திவிட்டால் பந்து எழும்பி மட்டையின் நல்ல இடத்தைத் தேடிக்கொண்டு போகும். அரை மீட்டர் தள்ளி விழுவதாக இருந்தாலோ தரையில் படாமலே மட்டைக்கு வந்து சேரும். இரண்டுமே எல்லைக்கு வெளியே பறக்கத் தகுந்தவை. ஆகையால்தான் சிறந்த பந்துக்கும் மோசமான பந்துக்கும் இடைவெளி ஒரு முழம் என்கிறேன்.

இனிக் கணக்கு. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முனைகளிலும் இருக்கும் மட்டைக் கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் 17.7 மீட்டர். பந்தின் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர், அதாவது வினாடிக்குச் சுமார் 36 மீட்டர் என்று கொள்வோம். காற்றின் தடையை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டால், பந்து மறுகோட்டை அடைய 0.49 வினாடி ஆகும். அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதை எவ்வளவு கீழே இழுக்கும்? வகுப்பில் உங்களைத் துரத்தும் அதே சூத்திரம்: முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். 1.18 மீட்டர் வரும்.

பந்து கையை விட்டுப் புறப்படும் உயரம் சுமார் 2.1 மீட்டர். கிடைமட்டமாக வீசினால் அது மறுமுனையில் இன்னும் 0.92 மீட்டர் உயரத்தில், மட்டையாளரின் இடுப்பளவில் போய்க்கொண்டிருக்கும். யார்க்கராக வேண்டுமானால் அந்த 0.92 மீட்டரையும் இறக்கியாக வேண்டும். அதற்குப் பந்தைச் சுமார் 3 டிகிரி கீழ்நோக்கி விட வேண்டும்.

மூன்று டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். அந்தக் கோணத்தில் ஒரே ஒரு டிகிரி பிசகினால் என்ன ஆகும்? பந்து தரையை நெருங்கும்போது அதன் பாதை தரையோடு சுமார் 10½ டிகிரிச் சாய்வில் இருக்கிறது. மிகத் தட்டையான பாதை. ஆகவே உயரத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் விழும் இடத்தில் பெரிய மாற்றமாகிவிடும். ஒரு டிகிரிப் பிசகு, விழும் இடத்தை ஒன்றரை மீட்டருக்கும் மேலாக நகர்த்திவிடுகிறது. (நீங்களே போட்டுப் பாருங்கள், எனக்கு 1.67 மீட்டர் வந்தது.) கோட்டுக்கு இந்தப் பக்கம் 30 சென்டிமீட்டர், அந்தப் பக்கம் 30 சென்டிமீட்டர் வரை மன்னிக்கலாம் என்று வைத்தாலும், வீச்சாளருக்குக் கிடைக்கும் கோணம் மொத்தம் 0.36 டிகிரிதான். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் மூன்றரை வினாடியில் நகரும் கோணம் இது. கண்ணால் பார்த்தால் முள் நகர்ந்ததாகவே தெரியாது.

இன்னும் ஒரு படி போவோம். வீச்சாளரின் கை சுழலும்போது வினாடிக்கு ஏறத்தாழ 1,500 டிகிரி சுழல்கிறது என்று கொள்ளலாம். அந்த வேகத்தில் 0.36 டிகிரியைக் கடக்க ஆகும் நேரம், ஒரு வினாடியை ஆயிரமாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கை மறுபடி நான்காக்கினால் வரும் நேரம். விரல்கள் பந்தை விட வேண்டியது அந்த நேரத்துக்குள். முன்னால் விட்டால் பந்து இடுப்புக்கு மேலே வரும். பின்னால் விட்டால் பாதி வழியில் குத்தும். இது தோராயக் கணக்கு. வீச்சாளரின் உடம்பும் முன்னோக்கி நகர்வதால் உண்மையில் சற்றுச் சலுகை கிடைக்கும். காற்றுத் தடையால் பந்து வேகம் குறைந்து இன்னும் கொஞ்சம் இறங்கவும் செய்யும். ஆனாலும் அளவின் தரம் மாறாது.

இப்போது ஒரு கேள்வி. கை தப்பாகப் போகிறது என்று தெரிந்தால் மூளை அதைத் திருத்த முடியாதா? முடியாது. மூளையிலிருந்து விரலுக்கு நரம்பு வழியே சேதி போகும் வேகம் வினாடிக்கு 60 மீட்டர் என்று கொண்டால், ஒரு மீட்டர் தூரத்துக்கு 60-இல் ஒரு வினாடி ஆகிறது. அதற்குள் கை 25 டிகிரி சுழன்று போயிருக்கும், பந்து பறந்திருக்கும். ஆக, கடைசி ஓவரில் பந்தை விடும் முடிவை அந்தக் கணத்தில் யாரும் எடுப்பதில்லை. கை சுழலத் தொடங்கும் முன்பே முழு உத்தரவும் அனுப்பப்பட்டுவிடுகிறது. அந்த உத்தரவு பல ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டது.

எங்கள் காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் வந்தீர்களானால் இதைத் தறியில் பார்க்கலாம். கால் மிதியை அழுத்த, பாவு இழைகள் பிரிய, அந்த இடைவெளியில் நாடா ஊடையை இழுத்துக்கொண்டு பாய்கிறது. நெசவாளரின் கண் ஜரிகைப் பூவின் மேல் இருக்கும். நாடாவைத் தள்ளும் கையின் மேல் இராது. கையைக் கவனித்துக்கொண்டு நெய்தால் சேலை தைக்கும் பெண்ணுக்குக் கல்யாணமே முடிந்துவிடும் என்று இங்கே வேடிக்கையாகச் சொல்லத் தோன்றும்.

நடராஜனும் நெசவுத் தொழிலாளியின் மகன்தான். 1991இல் பிறந்தவர். தந்தைக்குத் தறிக் கூலி. தாய் சாலையோரக் கடை நடத்தினார். வீட்டில் ஐந்து பிள்ளைகள், இவர் மூத்தவர். தோல் பந்து வாங்கும் வசதி எங்கே? ஊரில் எல்லோரும் ஆடியது டென்னிஸ் பந்து. ஏறத்தாழ இருபது வயது வரை அவர் கையில் இருந்தது அதுதான்.

அது குறையாகப் போயிற்று என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டென்னிஸ் பந்தை நடுவில் குத்தினால் அது மெத்தென்று எழும்பி மட்டையாளருக்கு வசதியாக வந்து நிற்கும். அடி வாங்காமல் தப்ப ஒரே வழி, எழும்பவே விடாமல் காலடியில் போடுவது. இலங்கையின் லசித் மலிங்காவும் காலி நகரையொட்டிய கிராமத்தில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்து யார்க்கருக்குப் பேர் வாங்கியவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆனால் பந்து மாறினால் கணக்கும் மாறுகிறதே! டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் அளவு. கிரிக்கெட் பந்து 160 கிராம் அளவு. பருமனில் அதிக வித்தியாசமில்லை. அதனால் லேசான பந்தைக் காற்று சுமார் மூன்று மடங்கு விரைவாகத் தடுத்து நிறுத்துகிறது. டென்னிஸ் பந்துக்குப் பழகிய கோணத்தில் தோல் பந்தை விட்டால் அது கோட்டைத் தாண்டி மட்டைக்கே போய்விடும். சென்னைக்கு வந்து நான்காம் டிவிஷன் லீக்கில் ஆடத் தொடங்கிய நடராஜன் முதலில் தம் கைக்கு இதைக் கற்பிக்க வேண்டியிருந்தது.

கற்பித்தார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம், வங்காளத்துக்கு எதிராக. அத்தோடு ஒரு இடி விழுந்தது. அவருடைய வீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று நடுவர்கள் புகார் செய்தார்கள்.

இது என்னவென்றால், கை கிடைமட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்தை விடும் வரை முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் அது வீச்சல்ல, எறிதல். பேஸ்பாலில் முழங்கையை மடக்கி எறியலாம்; கிரிக்கெட்டில் கூடாது. ஆகவே முழங்கையை மாற்றியாக வேண்டும். முழங்கை மாறினால் சுழலும் ஆரம் மாறுகிறது. ஆரம் மாறினால் பந்தின் வேகமும், விடும் கணமும், கோணமும் எல்லாமே மாறுகின்றன. பல வருஷம் எழுதிய உத்தரவை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். அதுவும் 0.36 டிகிரிக்குள்! இருபத்து மூன்று வயதில் இதைக் கேட்டால் ஊருக்குத் திரும்பிவிடத் தோன்றும். பயிற்சியாளர்களின் துணையோடு ஏறத்தாழ ஓர் ஆண்டு உழைத்து அவர் வீச்சு முறையை மாற்றிக்கொண்டார். என் கணிப்பில் அவர் வாழ்வின் மிகக் கடினமான ஓவர் புனேயில் வீசியது அல்ல. யாரும் பார்க்காமல் வீசிய இந்த ஓராண்டுதான்.

பிறகு நடந்தவற்றை நீங்கள் நாளிதழ்களில் படித்திருக்கலாம். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்கு வீசிய யார்க்கர்கள் பேசப்பட்டன. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது, அங்கே சோபிக்கவில்லை. ஐதராபாத் அணிக்குப் போய் 2018, 2019 இரண்டு ஆண்டுகளும் ஒரு போட்டியில்கூட இறங்காமல் வெளியே உட்கார்ந்திருந்தார். 2020இல்தான் வாய்ப்பு. அந்த நவம்பர் 6 அன்று அபுதாபியில் டிவில்லியர்ஸ் என்ற மாபெரும் ஆட்டக்காரரின் ஸ்டம்பை ஒரு யார்க்கர் சாய்த்தது. வலைப் பயிற்சியில் பந்து வீசத்தான் அவரை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போனார்கள். டிசம்பர் 2 அன்று ஒரு நாள் போட்டி, டிசம்பர் 4 அன்று இருபது ஓவர் போட்டி, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் போட்டி என்று ஒரே பயணத்தில் மூன்று வகையிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார்.

புனே ஆட்டத்துக்கு அடுத்த மாதமே முழங்காலில் அறுவைச் சிகிச்சை. கை சரியாக இருந்தாலும், ஓடி வந்து ஊன்றும் கால் தாங்காவிட்டால் உயரம் மாறும், கோணம் மாறும். மறுபடி எழுத வேண்டும். எழுதினார். 2024 ஐ.பி.எல். தொடரில் 19 விக்கெட்டுகள் எடுத்தார். இதற்கிடையே 2023இல் தம் ஊரில் பிள்ளைகள் ஆட ஒரு மைதானமும் அமைத்துக் கொடுத்தார்.

இனி நீங்கள் செய்ய ஒரு சோதனை. பள்ளி மைதானத்தில் 17.7 மீட்டர் அளந்து, முனையில் சுண்ணாம்பால் 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கட்டம் வரையுங்கள். டென்னிஸ் பந்தை முழங்கை மடக்காமல் 30 முறை வீசி, எத்தனை கட்டத்தில் விழுகின்றன என்று எண்ணுங்கள். பிறகு பந்தைத் தண்ணீரில் நனைத்து இன்னும் 30 முறை. இரவு ஆட்டங்களில் பனி இறங்கியதும் வீச்சாளர் ஏன் பந்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார் என்று விரல்கள் சொல்லும். நனைந்த பந்தின் எடை கூடுமாகையால் அதையும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முப்பதுக்கு உலர்ந்த பந்து. ஆனால் நீங்கள் ஓடி வரும்போது நண்பன் ஒருவன் பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கக் கேட்க, நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே வீச வேண்டும். மூன்று எண்ணிக்கைகளையும் ஒரே வரைபடத்தில் போட்டு, எதில் மிகவும் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.