கணிப்பொறிக்கும் நாடி உண்டு

காய்ச்சல் என்று வைத்தியரிடம் போனால் அவர் முதலில் என்ன செய்கிறார்? உடனே மருந்துச் சீட்டை எடுத்து எழுதத் தொடங்குவதில்லை. கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். நாவின் அடியில் வெப்பமானியை வைக்கிறார். மூச்சை இழுத்து விடச் சொல்கிறார். நோய் இன்னதென்று கூறுவது அதற்குப் பிறகுதான். ஆனால் வீட்டிலுள்ள கணிப்பொறி மந்தமாகிவிட்டால் மட்டும் நாம் அவ்வாறு செய்வதில்லை. "பழசாகிவிட்டது" என்கிறோம், "வைரஸ் வந்துவிட்டது" என்கிறோம், கடைசியில் "தூக்கிப் போடு" என்றும் சொல்லிவிடுகிறோம்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். அக்காவுக்கு 2019-இல் அரசு வழங்கிய மடிக்கணினி ஒன்று எங்களிடம் உள்ளது. அதை வைத்துக்கொண்டே அக்கா கல்லூரிப் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள். இப்போது அது என் கைக்கு வந்திருக்கிறது. சில மாதங்களாக அதன் போக்கே ஒரு தினுசாக இருந்தது. காலையில் நன்றாக ஓடும். பிற்பகலில் அரைமணி நேரம் வேலை செய்தாலோ, ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் தோன்றும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தே போயிற்று. இரண்டாம் முறை, பள்ளியில் கொடுக்க வேண்டிய செயல்திட்டத்தில் நான் சேமிக்காமல் வைத்திருந்த நான்கு பக்கங்களும் அதோடு போயின.

அத்தை மகன் அத்தான் வந்து பார்த்தார். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி, "நாலு ஜி.பி. நினைவகத்தில் 180 எம்.பி.தான் காலியாக இருக்கிறது. இன்னொரு நாலு ஜி.பி. வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்" என்றார். கடைக்காரர் ஒருவரோ பொறியைத் திறந்துகூடப் பாராமல், "மதர்போர்டு போய்விட்டது. அதை மாற்றுகிற காசுக்குப் புதிதே வாங்கிவிடலாம்" என்றார். அப்பாவின் முகம் வாடிவிட்டது. புதிது வாங்குவதென்றால், என் கல்லூரிச் சேர்க்கைக்கென எடுத்து வைத்திருந்த பணத்தில்தான் கை வைக்க வேண்டும். "ஒரு வாரம் பொறுங்கள், அப்பா" என்று கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு வாரத்தில் நான் அறிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குகிறது. 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய இயக்கமுறைமை இது. அதன்மேல் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்னும் மேசைத்திரை போடப்பட்டிருக்கிறது. இதை ஒலிவியே ஃபூர்தான் என்பவர் 1996-இல் தொடங்கினார். எலியைச் சின்னமாகக் கொண்ட இந்த மேசைத்திரை குறைந்த தீனியில் நிறைய ஓடும்; பழைய பொறிகளுக்கு ஏற்றது. திரையின் ஓரத்தில் கடிகாரத்தையும் பொத்தான்களையும் தாங்கி நிற்கும் நீண்ட பட்டை உண்டல்லவா? அதற்குப் பேனல் என்று பெயர். அந்தப் பட்டையின் மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால் புதிய உருப்படிகளைச் சேர்க்கலாம். செயலியின் உழைப்பைக் காட்டும் வரைபடம், நினைவகத்தைக் காட்டும் சிறு கம்பம், வெப்பநிலை, செயலியின் வேகம், வலைப்போக்குவரத்து என்று வேண்டியதைப் பொறுக்கி வைத்துக்கொள்ளலாம். நாம் வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவை கடிகாரத்துக்கு அருகில் அடக்கமாக அமர்ந்து எண்களைக் காட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் வைத்திருப்போர் இவற்றுள் பலவற்றை டாஸ்க் மேனேஜரில் காணலாம்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? இதை அறிந்தபோது எனக்குப் பெரும் வியப்பு. லினக்ஸில் 'ப்ராக்' என்றொரு கோப்புறை இருக்கிறது. அதற்குள் உள்ள கோப்புகள் பெரும்பாலும் அளவு சுழியம் என்றே காட்டும். ஆனால் திறந்தால் உள்ளே பக்கம் பக்கமாக எழுதியிருக்கும்! இவை வட்டில் எங்கும் இல்லை. நாம் படிக்கக் கேட்கும் அந்தக் கணத்தில் இயக்கமுறைமையின் கருவே எழுதிக் கொடுக்கும் பதில்கள் இவை. ஓடும் நிரல்களையும் கோப்புகளைப்போலத் திறந்து பார்க்கலாம் என்ற இந்த யோசனையை, பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் கிலியன் 1984-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். யூனிக்ஸில் பிறந்த அந்த யோசனையை லினக்ஸ் எடுத்து, நினைவகம், செயலி என்று மற்றவற்றுக்கும் விரித்துக்கொண்டது. ஆகவே பேனலில் உள்ள உருப்படி தானாக எதையும் அளப்பதில்லை. சில நொடிகளுக்கு ஒரு தடவை இந்தக் கோப்புகளைப் படித்து, கண்ணுக்குப் புரியும் படமாக வரைகிறது, அவ்வளவே.

முதலில் செயலியைப் பார்ப்போம். பொறியை இயக்கியதிலிருந்து செயலி எவ்வளவு நேரம் உழைத்தது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்ற கணக்கு, நொடியில் நூறில் ஒரு பங்கை ஓர் அலகாகக் கொண்டு அந்தக் கோப்பில் ஏறிக்கொண்டே போகும். பேனல் அதை இரு தடவை படித்துக் கழித்துப் பார்க்கிறது. எங்கள் செயலியில் இரண்டு உள்ளகங்கள் உள்ளன. எனவே ஒரு நொடிக்கு மொத்தம் 200 அலகுகள். அவற்றுள் 150 சும்மா இருந்த நேரம் என்றால் மிச்சம் 50. அதாவது 25 விழுக்காடு. இதில் ஒரு பொடி உண்டு. ஏதேனும் ஒரு நிரல் கிறுக்குப் பிடித்து ஓர் உள்ளகத்தை முழுவதும் விழுங்கிவிட்டாலும், மற்றது சும்மா இருக்குமானால், பேனல் 50 என்றுதான் காட்டும். "பாதிதானே!" என்று நாம் ஏமாந்துவிடுவோம்.

அடுத்தது நினைவகம். அத்தான் சொன்ன 180 எம்.பி. பொய்யல்ல. ஆனால் என் பேனலோ, 4 ஜி.பி.யில் ஏறக்குறைய 1.6 ஜி.பி.தான் செலவாகிறது என்று காட்டியது. இரண்டில் எது உண்மை? இரண்டுமே உண்மைதான்! சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் வீணாக்குவதில்லை. வட்டிலிருந்து ஒரு தடவை படித்த கோப்புகளை, மறுபடி தேவைப்படலாம் என்று அங்கேயே வைத்துக்கொள்கிறது. சமையலறை மேடையில் இடம் இருக்கும்வரை, பருப்பு டப்பாவையும் புளிப் பானையையும் அம்மா பரணில் ஏற்றாமல் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருப்பதில்லையா? விருந்தாளி வந்து, இலை போட இடம் வேண்டுமென்றால் நொடியில் எடுத்துவிடுவாள். மேடை நிறைந்திருக்கிறது என்பதற்காக வீட்டையே பெரிதாகக் கட்டச் சொல்வார் உண்டோ? இந்தக் குழப்பம் அத்தானுக்கு மட்டும் உரியதன்று. பலரும் இவ்வாறே தடுமாறியதால், 2014-இல் வெளிவந்த லினக்ஸ் கருவின் 3.14-ஆம் பதிப்பிலிருந்து, 'காலியாக உள்ளது' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'கேட்டால் கிடைக்கக் கூடியது' என்ற மதிப்பீட்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

நினைவகம் மெய்யாகவே போதவில்லை என்றால் அதைக் காட்டிக்கொடுப்பது ஸ்வாப் என்னும் கம்பம். இடம் பற்றாதபோது பொறி சில பொருள்களை வட்டுக்கு நகர்த்தி வைக்கும். சுழலும் வன்தட்டில் ஒரு செய்தியைத் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லிநொடி ஆகும். நினைவகத்தில் எடுப்பதைவிட இது கிட்டத்தட்ட லட்சம் மடங்கு தாமதம். எனவே ஸ்வாப் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் பொறி திணறுகிறது என்று அறியலாம். எங்கள் பேனலில் அந்தக் கம்பம் வாரம் முழுவதும் சுழியத்தைவிட்டு அசையவில்லை. நினைவகம் வாங்கும் செலவு மிச்சம் என்று அப்பாவிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

ஆனால் நோய் தீரவில்லையே! ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அரைமணிக்கு ஒரு தடவை பேனல் காட்டிய எண்களைக் குறித்து வைத்தேன். காலை 8 மணிக்குச் செயலியின் உழைப்பு 30 விழுக்காடு, வெப்பநிலை 51 பாகை, வேகம் 2 கிகாஹெர்ட்ஸ். பிற்பகல் 2 மணிக்கு, அதே வேலைக்கு, உழைப்பு 90 விழுக்காட்டுக்கு மேல். வெப்பநிலை 94 பாகை. வேகம் 800 மெகாஹெர்ட்ஸ்! மூன்று எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

செயலிக்குச் சூடு அளவுக்கு மீறினால் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அப்படியும் சூடு தணியாவிட்டால், வெந்துபோகாமலிருக்கப் பொறி அணைந்துவிடுகிறது. எனக்கு இருமுறை நேர்ந்தது அதுதான். விழுக்காடு ஏறியதேன் என்று கேட்பீர்கள். பேனல் காட்டுவது உழைத்த நேரத்தை. செய்து முடித்த வேலையை அன்று. ஓடிப்போய்ப் பத்து நிமிடத்தில் தண்ணீர் எடுத்து வருபவள், கால் வலித்து நொண்டி நடந்தால் அதே குடத்துக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறாள். நேரத்தை மட்டும் பார்ப்பவர் அவளுக்கு வேலை கூடிவிட்டது என்றே நினைப்பார். 90 விழுக்காடு என்ற ஓர் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நானும் "செயலி போதவில்லை" என்று தீர்ப்புச் சொல்லியிருப்பேன்.

பிறகென்ன? அக்காவின் கல்லூரித் தோழி ஒருத்திக்கு இவ்வேலை பழக்கம். மின்கலத்தைக் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்தாள். காற்று வெளியேறும் தகடுகளின் இடுக்கை அடைத்துக்கொண்டு, கம்பளித் துணிபோல ஆண்டுக்கணக்கான தூசி! மின்விசிறியை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் அதைத் தட்டி எடுத்தாள். செயலிக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே பூசியிருந்த பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. அதைத் துடைத்துப் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். பசைக்கு ஆன செலவு தவிர வேறில்லை. அன்று பிற்பகலில் பேனல் 63 பாகைக்கு மேல் காட்டவில்லை. மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டதும் அப்பா சிரித்துவிட்டார். நான் அதைப் படுக்கைமேல் தலையணையில் வைத்துப் படம் பார்ப்பதை அம்மா அன்றோடு தடை செய்துவிட்டாள். பஞ்சு காற்று வழியை அடைத்துவிடுமல்லவா, அதற்கு நான் வாதாடவும் முடியவில்லை.

இன்னும் ஓர் எண் உண்டு. சுமைச் சராசரி என்பார்கள். கடந்த 1, 5, 15 நிமிடங்களில் எத்தனை வேலைகள் சராசரியாக வரிசையில் நின்றன என்பதை மூன்று எண்களாகச் சொல்லும். இரண்டு உள்ளகங்கள் கொண்ட பொறிக்கு 2 என்றால் கை நிறைய வேலை. 6 என்றால் வரிசை வாசலுக்கு வெளியே போய்விட்டது என்று பொருள். ஆனால் லினக்ஸில் 1993 முதல், வட்டுக்காகக் காத்திருக்கும் வேலைகளையும் இதில் சேர்த்தே எண்ணுகிறார்கள். ஆதலால் செயலி சும்மா இருக்கும்போதே இந்த எண் உயர்ந்து நிற்கலாம். தொடக்கத்தில் இதை விட்டுவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

பேனல் கிடைத்த உற்சாகத்தில் நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இருந்த உருப்படிகளையெல்லாம் வரிசையாகச் சேர்த்து, ஒவ்வொன்றும் கால் நொடிக்கு ஒரு தடவை புதுப்பிக்குமாறு வைத்துவிட்டேன். சும்மா இருந்த பொறியின் உழைப்பு இரண்டு மூன்று விழுக்காடு ஏறிவிட்டது! நிமிடத்துக்கு இருபது தடவை நோயாளியை எழுப்பி நாடி பார்க்கும் வைத்தியரைப்போல. இப்போது நான்கு உருப்படிகள் மட்டுமே உள்ளன. புதுப்பிப்பு ஐந்து நொடிக்கு ஒரு தடவை.

நம் பள்ளிக் கணிப்பொறி அறையிலும் சன்னலோரமாக உள்ள மூன்று பொறிகள் மதிய வேளையில்தான் மந்தமாகின்றன. சிஸ்டரிடம் அனுமதி பெற்று, வரும் திங்கள் முதல் அவற்றின் வெப்பநிலையையும் வேகத்தையும் நோட்டில் குறிக்கத் தொடங்குகிறோம். சேர விரும்புவோர் மதிய இடைவேளையில் ஒரு பென்சிலோடு வாருங்கள். இந்தக் கட்டுரையின் கடைசி வரியைத் தட்டும்போது என் பேனலில் 47 பாகை.